நுரைத் தூரிகையும் சினங்கொண்ட வாடிக்கையாளரும்

மைசூரில் தசராவின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அன்று அரண்மனையில் வாளுக்கும் யானைக்கும் பூசை நடைபெறும். ஊரிலோ சைக்கிள் முதல் லாரி வரை, சக்கரம் உள்ளவை யாவற்றுக்கும் சாமந்தி மாலையும் வாழைக்கன்றும் கட்டுவார்கள்; சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பூசைக்கு முன் வண்டியைக் கழுவ வேண்டுமல்லவா? ஆகவே அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் ‘வாட்டர் சர்வீஸ்’ கடைகளின் வாயிலில் நீண்ட வரிசை நிற்கும். நம் விடுதி மாணவரின் மோட்டார் சைக்கிள்களும் அவ்வரிசையில் உண்டு.

வரிசையில் நிற்போர், வண்டியின் மீது பொங்கி வழியும் வெண்ணுரையைக் கண்டு மகிழ்கின்றனர். அந்நுரை செய்யும் வேலை யாது, அதனை உண்டாக்கும் கருவி எவ்வாறு பேணப்படுகிறது, அவ்விடத்தில் அடிக்கடி வாய்ச்சண்டை மூள்வது ஏன் என்பவற்றை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வேதியியல் பயிலும் மாணவனாதலால் எனக்கு நுரையின்மீது ஈடுபாடு உண்டு. வளாகத்திற்கு அண்மையிலுள்ள ஒரு கடையில், உரிமையாளரின் இசைவு பெற்று, சில ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து கவனித்தேன். அங்குக் கண்டவற்றையும் நூல்களில் கற்றவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவியின் கோளாறுக்கும் வாடிக்கையாளரின் கோபத்துக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. முன்னே வந்தவர் விட்டுச் சென்ற மண், பின்னே வருபவரின் வண்டியில் ஏறுவதுதான் அது.

தானே கழுவும் நிலையம்

நுரைத் தூரிகை பெரிதும் வழங்கும் இடம் அமெரிக்கா. அந்நாட்டில் வண்டிக்காரர் தம் வண்டியைத் தாமே கழுவிக்கொள்ளும் நிலையங்கள் 1960களிலிருந்து பரவின. நம் நாட்டில் அவை இன்னும் அருமையே. ஆயினும் அவை இயங்கும் முறையை அறிந்துகொண்டால் மைசூர்க் கடையில் நடப்பது எளிதில் விளங்கும்.

அந்நிலையத்தில் வரிசையாகச் சுவர் தடுத்த கொட்டகைகள் இருக்கும். வண்டியை ஒன்றனுள் ஓட்டி நிறுத்தி, பெட்டியில் நாணயம் இட்டால், குறிப்பிட்ட நிமிடங்களுக்கு நீர் வரும். ஒரு திருகைத் திருப்பி, சோப்பு நீர், நுரைத் தூரிகை, தூய நீர், மெழுகு என வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். மிகு அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் நீண்ட குழல் ஒருபுறம் தொங்கும். மறுபுறம் நீண்ட கைப்பிடியுள்ள தூரிகை தொங்கும். அதன் மயிர்களுக்கிடையிலிருந்து நுரை தானே கசிந்து வரும்.

அந்நுரை பிறப்பது கொட்டகைக்குப் பின்னால் உள்ள எந்திர அறையில். சோப்புக் கரைசலும், கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றும் ஒரு சிறு உருளையில் கலக்கின்றன. உருளைக்குள் வலைபோன்ற பொருள் அடைக்கப்பட்டிருக்கும். கரைசல் அதன் கண்களினூடே காற்றுடன் நெருக்கப்படும்போது நுண்ணிய குமிழிகளாகிவிடுகிறது. நுரை மீண்டும் காற்றுக் குழாய்க்குள் புகாதவாறு ஒருவழி வால்வு காக்கிறது. குளிர் மிகுந்த ஊர்களில், குழாயில் நீர் உறைந்து வெடித்துவிடாதபடி இரவெல்லாம் சிறிது நீரைச் சொட்டவிடுவதும் உண்டு.

மைசூர்க் கடையில் இதன் எளிய வடிவைக் காண்கிறோம். எஃகாலான நுரைத் தொட்டி, அதனோடு இணைந்த கம்ப்ரசர், ஓஸ் பைப், அதன் முனையில் நுரை பீய்ச்சும் துப்பாக்கி ஆகியவையே கருவிகள். பீய்ச்சிய நுரையைத் தொழிலாளி பஞ்சாலோ பிரஷ்ஷாலோ தேய்க்கிறார். அங்குத் தூரிகை வாடிக்கையாளர் கையில். இங்குத் தொழிலாளி கையில். ஈரிடத்தும் ஒரே தூரிகை பல வண்டிகளைத் தொடுகிறது என்பதுதான் நாம் மனத்திற்கொள்ள வேண்டியது.

நுரையின் வேலை

சோப்பு, ஷாம்பூ ஆகியவற்றின் மூலக்கூறு ஒரு தலையும் ஒரு வாலும் கொண்டது. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். அழுக்கிலுள்ள எண்ணெயில் வாலைச் செருகி, தலையை வெளியே நீட்டி, எண்ணெய்த் துளியைச் சூழ்ந்துகொண்டு, அதனை நீரோடு மிதந்து செல்லச் செய்கிறது. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நீர் எங்கும் படரவும் உதவுகிறது. இப்பரப்பு நிகழ்ச்சிகளை முதலில் செம்மையாக அளந்தவர்களுள் ஒருவர் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி. பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பாத்திரம் கழுவும் நீரையே ஆய்வுப் பொருளாகக்கொண்டு, வீட்டிலேயே சோதனைகள் செய்தார். அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

அப்படியானால் சோப்பு நீரே போதுமே, நுரை எதற்கு? கதவு போன்ற செங்குத்தான பரப்பில் சோப்பு நீரை ஊற்றினால் அது உடனே வழிந்துவிடும். நுரையோ ஒட்டிக்கொண்டு மெல்ல வடியும். அச்சில நிமிடங்களில் சோப்பு மூலக்கூறுகள் அழுக்குக்குள் புகுந்து அதனைத் தளர்த்துகின்றன. இரண்டாவதாக, நுரை தேய்ப்பவர் கைக்கும் வண்ணப்பூச்சுக்கும் இடையே வழுக்கும் படலமாக நிற்கிறது. மூன்றாவதாக, நுரையில் பெரும்பகுதி காற்றாதலால் சிறிதளவு நீரே வண்டி முழுவதையும் மூடப் போதுமாகிறது.

நுரை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு துப்புரவு என்று எண்ணுவது தவறு. ஷாம்பூவை அளவுக்கு மேல் கலந்தால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை. நுரையை அலச வேண்டிய நீர்தான் கூடுகிறது. வெயிலில் நிறுத்தி நுரை பூசினால் அது காய்ந்து வெண்திட்டாகப் படிந்துவிடும். ஆகவே நிழலில் கழுவுவதே முறை.

மணல் செய்யும் தீங்கு

எண்ணெய் அழுக்கைக் கரைக்கும் சோப்பு, மணலைக் கரைக்காது. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிரெடரிக் மோ என்ற கனிம அறிஞர் 1812-இல் வகுத்த அளவையில் வைரத்தின் வன்மை 10. குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல்லின் வன்மை 7. கண்ணாடி ஏறத்தாழ 5.5. நம் சாமுண்டி மலை கருங்கல்லாலானது. கருங்கல்லில் குவார்ட்ஸும், வன்மை 6 உள்ள பெல்ஸ்பாரும் உண்டு. அத்தகைய பாறைகள் சிதைந்து உண்டான மண்ணே நம் சாலைகளில் புழுதியாகப் பறக்கிறது. காரின் வண்ணத்துக்கு மேலே பூசப்படும் ஒளிபுகும் மேற்பூச்சோ ஒருவகைப் பிளாஸ்டிக். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்களவே. கண்ணாடியையே கீறவல்ல மணல் அதனை என்ன செய்யாது!

காட்டுச் சாலையில் ஓடிவந்த ஜீப்பை முதலில் அலசாமல் தேய்த்தால், தூரிகையின் மயிர்களுக்குள் மணல் புகுந்து தங்கிவிடுகிறது. அடுத்து வரும் புதுக்காரை அதே தூரிகை தொடும்போது அது உப்புத்தாள் போலாகிறது. குற்றம் செய்தவர் ஜீப்புடன் போய்விட்டார். கீறல் கண்டவர் புதுக்காருடன் நிற்கிறார். நடுவில் திட்டு வாங்குபவர் தொழிலாளி.

கருவியைப் பேணுதல்

இதனை உணர்ந்தால் கருவிப் பேணலில் முதல் விதி தானே விளங்கும். நுரைக்கு முன் நீர். தூரிகைக்கு முன் நுரை. அதாவது, மிகு அழுத்த நீரால் மணலை முதலில் அடித்துப் போக்க வேண்டும். பிறகு நுரை பூசி ஊறவிட வேண்டும். அதன் பின்னரே தேய்க்கலாம். அதுவும் கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். மணல் மிகுந்த அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு பிரஷ் வேண்டும். ஒவ்வொரு வண்டி முடிந்ததும் தூரிகையை நீர்த்தாரையில் பிடித்து மயிர்களை விரித்து அலசி, தரையில் படாதவாறு மயிர் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். தரையில் விழுந்த தூரிகையை அலசாமல் மீண்டும் தொடலாகாது.

தூரிகையின் மயிர் எதனாலானது என்பதும் கவனிக்கத்தக்கது. மேல்நாட்டு நிலையங்களில் பன்றி மயிர்த் தூரிகை பெரிதும் விரும்பப்படுகிறது. அதன் நுனி இயற்கையாகவே பல நுண்பிரிவுகளாகப் பிளந்திருப்பதால் மென்மையாக இருக்கும். நுரையையும் நன்றாகத் தாங்கும். நைலான் மயிர் நெடுநாள் உழைக்கும், ஆனால் விறைப்பானது. எதுவாயினும் மயிர் தேய்ந்து குட்டையானபின் தூரிகையின் கட்டை வண்டியில் மோதும். அதனைத் தடுக்கவே கட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் பொருத்துகிறார்கள். ரப்பர் கிழிந்ததும் மாற்ற வேண்டும். மயிர் சாய்ந்து படிந்துவிட்டால் தூரிகையையே மாற்ற வேண்டும். புதுத் தூரிகையின் விலை ஒரு கதவுக்கு மறுவண்ணம் பூசும் செலவைவிட மிகக் குறைவு.

நுரை நீர்த்துப் போனால் பலர் உடனே ஷாம்பூவை மேலும் கொட்டுவர். அது மருத்துவரைக் காணாமல் மருந்தை இரட்டிப்பது போன்றது. முதலில் காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து வடிகட்டியும் நாசிலும் அடைபட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதற்கடுத்து நீரைப் பார்க்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்பை வீணாக்குவதோடு, நாசிலின் நுண்துளையில் சுண்ணமாகப் படிகின்றன. அத்தகைய படிவை எலுமிச்சை உப்பு எனக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து நீக்கலாம். கம்ப்ரசரின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். இன்றேல் உள்ளே துருப்பிடிக்கும். மிகு அழுத்தப் பம்பை நீரின்றி ஓடவிட்டால் அதன் வாஷர்கள் வெந்து கெடும்.

உயிருக்கே தீங்கு நேரக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, நுரைத் தொட்டியின் மூடி. அளவி 4 காட்டுகிறது என்போம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 4 கிலோ எடை தள்ளுகிறது என்பது அதன் பொருள். மூடியின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் எனில் அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 314 கிலோ, அதாவது மூன்று மூட்டை சிமெண்டைவிட இருமடங்கு! காற்றை முற்றும் வெளியேற்றி, அளவி பூச்சியம் காட்டிய பின்னரே மூடியைத் திருக வேண்டும். பாதுகாப்பு வால்வை ஆணியோ கம்பியோ இட்டு அடைத்து வைப்பது குற்றமெனவே சொல்வேன். மற்றொன்று, நீர்த்துப்பாக்கி. 100 பார் அழுத்தமுள்ள நீர்த்தாரை தோலைத் துளைத்து உட்புகவல்லது. வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே காயம் பெரிதாக இருக்கும். விளையாட்டாகவும் அதனை ஒருவர்மீது திருப்பலாகாது. பட்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாடிக்கையாளர் வகை

இனி மனிதரைப் பற்றி. “பன்னி சார்” என்று கடைக்காரர் வரவேற்பார். கன்னடத்தில் அதற்கு ‘வாருங்கள் ஐயா’ என்று பொருள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பதுண்டு! பெரும்பாலோர் நல்லவர்கள், பணம் கொடுத்து, நன்றி கூறிச் செல்பவர்கள். தொல்லை தருவோர் சிலரே. அவர்களையும் நான் கண்ட அளவில் நான்கு வகைப்படுத்தலாம்.

முதல்வர் அவசரக்காரர். ‘அலசவெல்லாம் வேண்டாம், நுரையைப் போட்டுத் தேய்’ என்பார். வரிசையைத் தாண்டி வந்து, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்றும் கேட்பார். அவருக்கு விதியைச் சொல்வதைவிடக் காரணத்தைச் சொல்வது பயன் தருகிறது. “அலசாமல் தேய்த்தால் உங்கள் வண்டியில்தான் கோடு விழும், சார்” என்றால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார். வரிசைக்கோ எண் இட்ட சீட்டே சிறந்த மருந்து. மனிதன் மறுத்தால் வரும் கோபம், சீட்டு மறுத்தால் வருவதில்லை.

இரண்டாமவர் எல்லாம் கேட்பவர். காருக்குப் பணம் கொடுத்துவிட்டு, எஞ்சினிலும் நீரடிக்கச் சொல்வார். கால்மிதிகளையும் தேய்க்கச் சொல்வார். எஞ்சின் அறையின் மின்கம்பிகளிலும், மின்சார ஸ்கூட்டரின் மின்னேற்றத் துளையிலும் மிகு அழுத்த நீர் புகுந்தால் கேடு விளையும். எதற்கு எவ்வளவு கட்டணம், எது செய்யப்படாது என்பனவற்றைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைத்துவிட்டால் வாதம் பாதி குறையும்.

மூன்றாமவர் பணத்தில் ஐயம் எழுப்புபவர். அமெரிக்காவில் ‘நாணயம் போட்டேன், எந்திரம் விழுங்கிவிட்டது’ என்பார். இங்கே ‘கைப்பேசியில் அனுப்பிவிட்டேன், உனக்கு வரவில்லையென்றால் நான் என்ன செய்ய?’ என்பார். இருவரும் உண்மையே சொல்லக்கூடும். சிறு தொகையாயின் அவர் சொல்லை நம்பி, நாள், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவதே நன்று. உண்மையானவர் மறுமுறையும் வருவார். ஏமாற்றுபவரின் வண்டி எண் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும். அப்போது எச்சரிக்கையாக இருக்கலாம்.

நான்காமவர் கீறல்காரர். இவரே மிகக் கடினமானவர். கழுவி முடித்ததும் விளக்கொளியில் பார்த்து, “வட்ட வட்டமாகக் கோடு போட்டிருக்கிறாய்” என்று பாய்வார். இங்கே பௌதிகம் சிறிது துணைசெய்யும். விடுதியில் நாள்பட்ட எவர்சில்வர் தட்டு ஒன்றை மின்விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல்கள் தோன்றும். தட்டை நகர்த்துங்கள், வட்டங்களும் விளக்கின் பிம்பத்தோடு நகரும்! கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன; அவை வட்டமாகத் தோன்றுகின்றன. புழுதி நீங்கியதும் பழைய கீறல்கள் யாவும் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. ஆகவே வட்டக் கோட்டைக் கண்டு இன்றைய தூரிகைதான் குற்றவாளி என்று தீர்ப்புக் கூற முடியாது.

ஆனால் தூரிகை குற்றமற்றது என்றும் அதனால் ஆகிவிடாது. அதனால்தான் கழுவுமுன் வாடிக்கையாளரோடு வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, உள்ள கீறல்களைக் காட்டி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிட வேலை இது. படம் இருந்தால் இருவரும் படத்தோடு பேசலாம். ஒருவரோடொருவர் மோத வேண்டியதில்லை. புதிய கீறல் என்று தெரிந்தால் கடைக்காரர் ஒப்புக்கொண்டு சரிசெய்து தரவேண்டும்.

நான் கவனித்த கடையின் மூத்த தொழிலாளி சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். ஒருவர் கத்தத் தொடங்கினால் அவர் முதலில் செய்வது, பம்பை நிறுத்துவது. “சத்தத்துல பேசினா சண்டைதான் வரும், தம்பி. மோட்டாரை நிறுத்தினா அவரும் குரலைக் குறைப்பாரு” என்றார் என்னிடம். பிறகு வாடிக்கையாளரை மற்றவர் கேளாத இடத்துக்கு அழைத்துச் செல்வார். அவர் சொல்வதை முழுதும் கேட்பார். முடியாததைச் சொல்லுமுன் முடிந்ததைச் சொல்வார். ஆனால் எல்லை ஒன்று உண்டு. இளைய தொழிலாளியை இழிசொல்லால் ஏசினாலோ கையை ஓங்கினாலோ, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, “இனி இங்கே வரவேண்டாம், சார்” என்று சொல்லிவிடுவார் கடைக்காரர். ஒரு வாடிக்கையாளரின் பணத்தைவிடத் தொழிலாளியின் மானம் பெரிது என அவர் கருதுவதே அக்கடையில் ஆட்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம் என்பது என் கருத்து.

கழுவிய நீர் செல்லுமிடம்

வண்டியைவிட்டு வழிந்த நீரோடு மண்ணும் எண்ணெயும் சோப்பும் செல்கின்றன. செம்மையான கடையில் அந்நீர் முதலில் தடுப்புச் சுவர்கள் கொண்ட குழியில் தங்கும். மண் அடியில் படியும். எண்ணெய் மேலே மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். குழியை அடிக்கடி தூர்வாராவிட்டால் அது இருந்தும் இல்லாததே. 1950களில் மேல்நாட்டு ஆறுகளில் சலவைத்தூள் நுரை மலைபோல் குவிந்தது. கிளைவிட்ட சங்கிலியுடைய அன்றைய மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க இயலாமையே காரணம். 1965-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் நேரான சங்கிலி மூலக்கூறுகளுக்கு மாறின. அவ்வளவு அறிந்த பின்னும், கழிவுநீர் கலந்த பெங்களூர்ப் பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலையில் பறந்ததை 2015-இல் நாடே கண்டது.

நீரின் அருமையும் நமக்குப் புதிதன்று. 2023-இல் பருவமழை பொய்த்தபின், 2024 மார்ச் மாதத்தில் பெங்களூர்க் குடிநீர் வாரியம் குடிநீரால் வண்டி கழுவுவதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் அறிவித்தது. மைசூர் மக்கள் பருகுவது காவிரி நீரும் கபினி நீரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் குழாயைத் தேய்க்கும்போதும் மூடாமல் 15 நிமிடம் விட்டுவைத்தால் 150 லிட்டர் போய்விடும். விடுதியில் மோட்டார் சைக்கிள் கழுவும் நண்பர்கள் இக்கணக்கை மறவாதிருக்க வேண்டும். இரண்டு வாளி நீர், ஒன்றில் சோப்பு, மற்றொன்றில் பஞ்சை அலசுவதற்குத் தூய நீர்; அதற்கே இவை தாராளம். கழுவியபின் சங்கிலிக்கு எண்ணெய் இடவும், பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி உலர்த்தவும் மறக்கலாகாது.

நம் ஆய்வுக்கூடத்தில் காரக்கரைசலை பியூரெட்டிலேயே விட்டுச் செல்பவர் உண்டு. மறுநாள் அதன் கண்ணாடித் திருகு இறுகிக் கிடக்கும். வருந்துபவர் விட்டுச் சென்றவர் அல்லர், அடுத்து வருபவர். நுரைத் தூரிகையும் அத்தகைய பொதுக்கருவியே. அடுத்த ஆயுத பூசையின்போது வரிசையில் நிற்கும் நண்பர்கள், தம் வண்டியின் சேற்றைத் தூரிகை தொடுமுன் அலசச் சொல்லிக் கேட்டுக்கொள்வாராக. நமக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் வண்டியில் கோடு விழாமலிருப்பதும், நுரைக்கையோடு நிற்கும் அத்தொழிலாளி வீண்பழி கேளாதிருப்பதும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன.